மருந்தோடு மருந்து சேர்ந்தால்



மருந்து நோயைத் தீர்ப்பது. நஞ்சு உயிரைப் போக்குவது. இவ்வேறுபாட்டைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால், ஒரு நல்ல மருந்தும் வேறொரு நல்ல மருந்தும் ஒரே உடலுக்குள் சேரும்போது, அந்தச் சேர்க்கையே இதயத் துடிப்பைக் குலைத்துவிடக் கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? தனித்தனியே இரண்டும் நண்பர்கள், கூடினால் பகைவர்கள். இந்த விந்தையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லேன். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியன். எனினும், பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருப்பவர் கடிதம் படித்துச் சொல்பவராகவும், பாரம் நிரப்பிக் கொடுப்பவராகவும், மருந்து உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்குபவராகவும் இருக்க வேண்டியிருக்கிறது. அந்த வகையில் நான் படித்துத் தெரிந்துகொண்ட செய்திகளை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் இதயம் எவ்வாறு துடிக்கிறது என்று காண்போம். இதயம் கைப்பிடி அளவே உள்ள தசை. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. இத்தனை துடிப்புகளுக்கும் ஆணையிடுவது எது? இதயத்தின் வலப்பக்க மேலறையில் ஒரு சிறு திசுக்கூட்டம் இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1907ஆம் ஆண்டில் அதைக் கண்டு விவரித்தார்கள். அத்திசுவிலிருந்து மெல்லிய மின்னோட்டம் புறப்பட்டு, மேலறைகளில் பரவி, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. மின்னோட்டம் சென்ற இடமெல்லாம் தசை சுருங்குகிறது. இரத்தம் வெளியே தள்ளப்படுகிறது.

இந்த மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் முறையை உருவாக்கியவர் வில்லம் ஐந்தோவன் என்னும் டச்சு அறிஞர். அவர் பிறந்த ஊர் நமக்கு மிக அருகில் இருக்கிறது. ஜாவாத் தீவில் உள்ள செமாராங் நகரில் 1860ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தையார் அங்கு மருத்துவராக இருந்தவர். பிற்காலத்தில் ஹாலந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியது. நோயாளி தம் கைகளையும் காலையும் உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அமர வேண்டும். இன்று நம் ஊர்ச் சிகிச்சையகத்தில் சிறு பெட்டியாக இருக்கும் இ.சி.ஜி. கருவிக்கு மூதாதை அதுவே. கோட்டில் தோன்றும் மேடு பள்ளங்களுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தவரும் அவரே. 1924ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

நேயர்களே, பால்மரம் சீவிய அனுபவம் உங்களுள் பலருக்கு இருக்கும். இன்று சீவிய மரத்தை நாளைக்கு விட்டு மறுநாள் சீவுவது வழக்கம். ஏன்? வடிந்த பாலை மரம் மீண்டும் ஊற வைத்துக்கொள்ள அதற்கு ஓய்வு வேண்டும். இதயத்தின் ஒவ்வோர் உயிரணுவும் அப்படித்தான். ஒரு துடிப்பு முடிந்ததும் அது மீண்டும் மின்னேற்றம் பெற வேண்டும். அதற்குப் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்தின் அணுக்கள் உயிரணுவிலிருந்து நுண்ணிய வாயில்களின் வழியாக வெளியேற வேண்டும். அவை வெளியேறிய பின்னரே அடுத்த துடிப்புக்கு உயிரணு ஆயத்தமாகிறது.

இ.சி.ஜி. கோட்டில் கியூ என்னும் இடத்திலிருந்து டி என்னும் மேடு முடியும் வரை உள்ள நேரமே கீழறைகள் சுருங்கி மீண்டும் மின்னேற்றம் பெறும் நேரம். இதனைக் 'கியூ-டி இடைவெளி' என்பர். சாதாரணமாக இது ஏறத்தாழ 0.4 வினாடி. இது நீண்டு அரை வினாடியைத் தாண்டினால் மருத்துவர்கள் மிகவும் எச்சரிக்கை அடைகிறார்கள். மின்னேற்றம் முடியாத நேரத்தில் அடுத்த துடிப்பு குறுக்கிட்டால் இதயம் தாளம் தப்பிவிடும். கீழறைகள் துடிக்காமல் படபடவென்று நடுங்கும். இரத்தம் மூளைக்குப் போகாது. ஆள் மயங்கி விழுவார். நடுக்கம் தானாக நின்றால் எழுந்துகொள்வார். நில்லாவிட்டால் உயிர் போய்விடும். இத்தகைய தாளக்கேட்டை 1966ஆம் ஆண்டில் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் தெஸர்தென், அதற்கு 'முறுக்கிக்கொள்ளும் முனைகள்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். இ.சி.ஜி. கோடு, முறுக்கிய நாடாவைப் போல் காட்சி தருவதே காரணம்.

சிலர் பிறவியிலேயே இந்த இடைவெளி நீண்டவர்களாக இருக்கிறார்கள். பெரும்பாலும் பொட்டாசியம் வெளியேறும் வாயிலில் பரம்பரையாக வந்த குறைபாடு அது. ஓடும்போதோ திடுக்கிடும்போதோ இளம்பிள்ளை காரணமின்றி மயங்கி விழுந்தால், அதை வெயில் மயக்கம் என்று தள்ளிவிடாமல் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது. குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிறவிக் குறையே இல்லாதவர்க்கும் சில மருந்துகள் இதே வாயிலை அடைத்துவிடக் கூடும். நம் பேச்சின் மையம் அங்கேதான் இருக்கிறது.

இனி இரண்டு பழைய மருந்துகளின் கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்றொரு மருத்துவர் இருந்தார். உடலில் நீர் கோத்து வீங்கிய நோயாளிகளுக்கு ஒரு மூதாட்டி கொடுத்துவந்த கைமருந்தைப் பற்றி 1775ஆம் ஆண்டில் அவருக்குத் தெரியவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த அம்மருந்தில் உண்மையில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்னும் ஒரு செடிதான் என்பதை அவர் கண்டறிந்தார். பத்து ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்து, 1785ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அம்மருந்து அளவு மிஞ்சினால் குமட்டலும் வாந்தியும் வரும், நாடித்துடிப்பு மிகவும் குறையும், பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும் என்றும் அந்நூலிலேயே எச்சரித்தார். அதே செடியின் இனத்திலிருந்து 1930ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட டிகோக்சின் என்னும் மருந்து இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. இதில் குணம் தரும் அளவுக்கும் கேடு தரும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழி இதற்கு மிகவும் பொருந்தும்.

இரண்டாவது மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட கொயினாவை நம் முன்னோர்கள் நன்றாக அறிவார்கள். அம்மரத்தை ஒரு காலத்தில் ஜாவாவில் பெருந்தோட்டங்களாகப் பயிரிட்டார்கள். 1912ஆம் ஆண்டில் ஒரு டச்சு வணிகர் வென்க்கபாக் என்னும் இதய மருத்துவரிடம் வந்தார். "எனக்கு இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது. ஆனால், கொயினா சாப்பிட்டால் நின்றுவிடுகிறது" என்ற செய்தியை அவர் சொன்னார். மருத்துவர் முதலில் நம்பவில்லை. பிறகு சோதித்துப் பார்த்து வியந்தார். 1918ஆம் ஆண்டில் ஃபிரை என்னும் மருத்துவர், அதே மரப்பட்டையில் உள்ள குவினிடின் என்னும் பொருள் இன்னும் நன்றாக வேலை செய்வதைக் காட்டினார்.

பிறகு என்ன நடந்தது? டிகோக்சினும் குவினிடினும் இதயத் துடிப்பு ஒழுங்கற்ற நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் சேர்த்தே கொடுக்கப்பட்டன. இரண்டும் புகழ்பெற்றவை, கொடுத்தவர்கள் கற்றறிந்தவர்கள். ஆயினும், குவினிடினைச் சேர்த்தவுடன் இரத்தத்தில் டிகோக்சினின் அளவு ஏறக்குறைய இரு மடங்காக உயர்கிறது என்பது 1978ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. சுவீடனிலும் அமெரிக்காவிலும் இருந்த மருத்துவர்கள் அதைத் தெரிவித்தார்கள். டிகோக்சினைச் சிறுநீரகம் வெளியேற்றும் வேலையைக் குவினிடின் தடுக்கிறது. உள்ளே போவது அதே அளவு. வெளியே போவது குறைவு. குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் திறந்திருக்க, மதகை மட்டும் மூடினால் கரை என்ன ஆகும்?

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். அது டெர்ஃபெனடின் என்னும் மருந்தின் கதை. தும்மல், மூக்கொழுகல், அரிப்பு ஆகிய ஒவ்வாமை நோய்களுக்கு முன்பு கொடுத்த மருந்துகள் தூக்கத்தை வரவழைத்தன. தூக்கம் வராத புதிய மருந்தாக டெர்ஃபெனடின் வந்தது. அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டில் அனுமதி பெற்று, கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் மருந்தாயிற்று. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு செய்தி வந்தது. 39 வயதுப் பெண் ஒருவர், டெர்ஃபெனடினோடு கீட்டோகொனஸோல் என்னும் பூஞ்சைக் கொல்லி மருந்தையும் உட்கொண்டிருந்தார். அவருக்குத் திரும்பத் திரும்ப மயக்கம் வந்தது. இ.சி.ஜி. எடுத்தபோது கியூ-டி இடைவெளி மிக நீண்டிருந்தது. அந்த முறுக்கிய நாடா போன்ற தாளக்கேடும் காணப்பட்டது.

மூக்கொழுகலுக்கு ஒரு மாத்திரை. பூஞ்சை நோய்க்கு ஒரு மாத்திரை. இரண்டும் இதய மருந்துகளே அல்ல. பிறகு இதயத்துக்கு என்ன நேர்ந்தது?

சம்பள நாளில் அலுவலகத்தில் ஒரே கிராணி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவராக வருவார், கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிப் போவார். ஒரே ஆள் வந்து கிராணியைப் பிடித்துக்கொண்டு கணக்குக் கேட்டு நிறுத்திவிட்டால் பின்னால் வரிசை வாயிலைத் தாண்டி நீளும். நம் கல்லீரலிலும் குடல் சுவரிலும் அப்படி ஒரு கிராணி இருக்கிறது. நொதிப்பொருள் என்று அதைச் சொல்வார்கள். நாம் உட்கொள்ளும் மருந்துகளுள் பெரும்பகுதியை மாற்றியமைத்து அனுப்பும் வேலை அதனுடையது. டெர்ஃபெனடினையும் அந்தக் கிராணிதான் கல்லீரலில் உடனடியாகத் தீங்கற்ற வேறொரு பொருளாக மாற்றிவிடும். தும்மலைத் தீர்ப்பதும் அந்த மாறிய பொருளே. கீட்டோகொனஸோல் கிராணியைப் பிடித்து நிறுத்திவிட்டதால், மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் குவிந்தது. இதயத்துக்குப் போய்ப் பொட்டாசியத்தின் வாயிலை அடைத்தது. எரித்ரோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தும் இவ்வாறே கிராணியைத் தடுப்பதாகத் தெரியவந்தது.

முடிவில், மாறிய பொருளையே தனி மருந்தாகத் தயாரித்தார்கள். அதற்கு ஃபெக்ஸோஃபெனடின் என்று பெயர். 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இதய வாயிலை அடைக்கும் குணம் அதற்கு இல்லை. 1998ஆம் ஆண்டில் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு பெண்ணின் மயக்கத்தைக் கூர்ந்து நோக்கிய மருத்துவர்களால் உலகம் முழுவதற்கும் ஒரு நன்மை விளைந்தது. புதிய மருந்துகள் கியூ-டி இடைவெளியை நீட்டுகின்றனவா என்று ஆராய்வதற்கான பன்னாட்டு நெறிமுறை 2005ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

மருந்தோடு மருந்து மட்டுமன்று, மருந்தோடு பழமும் மோதக் கூடும். கனடாவில் டேவிட் பெய்லி என்னும் ஆய்வாளர், ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். மதுவின் சுவை தெரியாமல் இருக்கத் திராட்சைக் குலைபோல் காய்க்கும் கிரேப்ஃபுரூட் என்னும் பழத்தின் சாற்றைக் கலந்தார். மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு உயர்ந்தது. காரணம் மது அன்று, பழச்சாறு! குடல் சுவரில் இருக்கும் கிராணியை அச்சாறு வேலையை விட்டே அனுப்பிவிடுகிறது. புதிய கிராணி வரும் வரை, அதாவது ஒரு நாளுக்கும் மேலாக, அதன் விளைவு நீடிக்கும். ஆகவே, காலையில் பழச்சாறு, மாலையில் மாத்திரை என்று நேரம் பிரிப்பதால் பயனில்லை. இந்தப் பழம் பம்ப்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த இனம். ஈப்போ வட்டாரத்தில் பேர்பெற்று விளங்கும் பம்ப்ளிமாஸிலும் அத்தகைய பொருள்கள் உண்டு. இரத்த அழுத்தத்துக்கோ கொழுப்பைக் குறைக்கவோ மாத்திரை உட்கொள்பவர்கள், 'என் மாத்திரைக்கு இப்பழம் ஆகுமா?' என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது அறிவுடைமை. எல்லா மாத்திரைகளுக்கும் இத்தடை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேயர்களே, இவையெல்லாம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தவை. நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். முன்பு தோட்டத்தில் டிரஸ்ஸர் ஐயா ஒருவரே இருந்தார். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் அவர் கையால்தான் மருந்து. யாருக்கு என்ன கொடுத்தோம் என்று அவருக்கு நினைவிருக்கும். இன்று அப்படியா? இதயத்துக்கு அரசாங்க மருத்துவமனை, நீரிழிவுக்கு வட்டாரச் சுகாதார நிலையம், அவசரத்துக்குப் பட்டணத்துத் தனியார் கிளினிக், மூட்டுவலிக்கு மருந்துக்கடை, இவை போதாவென்று நாட்டு மருந்தும் ஜாமுவும். நான்கு கைகள் கொடுக்கின்றன. ஓர் உடல் வாங்குகிறது. ஒரு கை கொடுப்பது மறு கைக்குத் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். வீட்டில் உள்ள முதியவர்களின் மருந்து உறைகளைப் பார்த்து, அவற்றில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதி வர வேண்டும் என்றேன். உறைகளில் எழுதப்பட்டிருப்பது மலாய். பாட்டிகளுக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ், அல்லது அதுவும் இல்லை. எழுத்துப் பயிற்சியாகவும் மொழிபெயர்ப்புப் பயிற்சியாகவும் இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

ஒரு மாணவி பதினொரு வரிகள் எழுதி வந்தாள். அவள் பாட்டிக்கு இதயம் பலவீனம். பட்டியலில் டிகோக்சின் இருந்தது. கால் வீக்கத்துக்காகச் சிறுநீரை அதிகம் போக்கும் நீர் மாத்திரை இருந்தது. கடையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரை இருந்தது. கடைசி வரியில், தன் சொந்த முயற்சியாக, 'பாட்டி இருமலுக்குத் தினமும் அதிமதுரக் கஷாயம் குடிப்பார்' என்று தமிழில் எழுதியிருந்தாள். அதற்கும் கீழே இன்னொரு வாக்கியம்: 'பாட்டிக்குச் சோறு பிடிப்பதில்லை. விளக்கு மஞ்சளாகத் தெரிகிறதாம்.'

விதரிங் இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே எழுதிவைத்த அறிகுறி அது. வீட்டில் உள்ளவர்களோ வயதான கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். மாணவியின் தாயாரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, அன்றே பாட்டியையும் எல்லா மருந்துகளையும் மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொன்னேன். இரத்தம் சோதித்தார்கள். பொட்டாசியம் மிகக் குறைந்திருந்தது, டிகோக்சின் கூடியிருந்தது. சில நாள் படுக்கையில் வைத்துக் கவனித்து அனுப்பினார்கள். மருந்தின் அளவை மாற்றினார்கள். மூட்டுவலி மாத்திரையையும் கஷாயத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். பாட்டி மீண்டும் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்து வரத் தொடங்கினார்.

இதில் என்ன நடந்தது என்று விளக்குகிறேன். நீர் மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால் அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும். பொட்டாசியம் குறைந்த இதயத்தில் டிகோக்சின் கடுமையாக வேலை செய்யும். மூட்டுவலி மாத்திரைகளுள் பல, சிறுநீரகத்தின் வேலையைத் தளர்த்தி டிகோக்சினைத் தேங்க வைக்கும். உடலில் உப்பையும் நீரையும் நிறுத்திக் கால் வீக்கத்தையும் கூட்டும். வீக்கம் கூடினால் நீர் மாத்திரையைக் கூட்டத் தோன்றும். இப்படி ஒன்றை ஒன்று துரத்தும். இந்நான்கில் எதுவும் கெட்ட பொருள் அன்று. அதிமதுரம் நம் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட நல்ல மூலிகை. ஆனால், அவர்கள் காலத்துப் பாட்டிகளின் பையில் டிகோக்சின் இருந்ததில்லை.

'பொட்டாசியம் குறைவதுதானே கேடு? இளநீரும் வாழைப்பழமும் நிறையச் சாப்பிட்டால் தீர்ந்தது' என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் வேறு சில மருந்துகள் பொட்டாசியத்தை உயர்த்துபவை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது தானே உயரும். மிகுந்தாலும் இதயம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. திருவள்ளுவர் 'மருந்து' என்று 95ஆம் அதிகாரத்துக்குப் பெயரிட்டுவிட்டு, உண்ணும் அளவைப் பற்றியே அதில் பெரிதும் பேசுகிறார். அளவை அறிய இன்று இரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஊகம் வேண்டா.

வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படும் செய்தி ஒன்றும் உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை பலரிடம் இருக்கும். அது நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. அதோடு, ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் வகை மருந்து சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். 'நான் அப்படி எதுவும் வாங்கவில்லையே' என்று சொல்பவரும் கவனிக்க வேண்டும். ஊக்கம் தரும் காப்பித்தூள் என்று விற்கப்படும் சில பொருள்களில் இம்மருந்து கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அவ்வாறே, மூட்டுவலிக்கான சில ஜாமுவிலும் மாஜுனிலும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது உண்டு. மலேசியாவில் பதிவு செய்யப்பட்ட மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்னும் மூன்று எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். அவ்வெண் இல்லாததை வாயில் வைக்காதீர்கள்.

இனி நாம் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாளும் பென்சிலும் கையில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வீட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். மருந்தின் பெயர், அளவு, எதற்காக, எங்கே வாங்கியது என்று நான்கு பத்திகள் போதும். வணிகப் பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். ஆகவே, பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் இயற்பெயரையும் எழுதுங்கள்.

இரண்டாவது, கஷாயம், லேகியம், ஜாமு, சத்து மாத்திரை, கடையில் வாங்கிய வலி மாத்திரை ஆகியவற்றையும் அதே அட்டையில் சேருங்கள். மருத்துவர் ஏசுவார் என்று மறைக்காதீர்கள். அவரிடம் ஏச்சு வாங்கினால் காது மட்டுமே நோகும்.

மூன்றாவது, எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் மருத்துவராக இருந்தாலும் சரியே, அட்டையை முதலில் நீட்டுங்கள். 'இந்தப் புதிய மருந்து, இவற்றோடு சேருமா?' என்று கேளுங்கள். மருந்து கொடுக்கும் சன்னலில் இருக்கும் மருந்தாளரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். மருந்துகளின் சேர்க்கையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்தவர் அவர்.

நான்காவது, புதிய மருந்து தொடங்கிய பிறகு மயக்கம், படபடப்பு, நாடி மிகக் குறைதல், காரணமில்லாத வாந்தி, பார்வையில் நிறமாற்றம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடும் வயிற்றுப்போக்கு வந்து உடல் நீரும் உப்பும் இழந்திருக்கும் வேளையில் இதய மருந்து உட்கொள்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு உங்கள் மருந்துகளில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில இதய மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வந்துவிடும். மருத்துவர் தெரிந்தே பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. ஒன்று தனியாகச் செய்ய முடியாததை இரண்டு சேர்ந்து செய்யும். அந்தச் சேர்க்கையால் இன்று பல்லாயிரம் பேர் நலமாக நடமாடுகிறார்கள். சேர்க்கை தவறன்று, எவருக்கும் தெரியாமல் நடக்கும் சேர்க்கையே தவறு.

பெற்றோர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த அட்டையை எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எழுதியதைப் பெரியவர்கள் ஒருமுறை சரிபாருங்கள். பள்ளியில் மூன்று மொழி கற்கும் பிள்ளை, உறையில் உள்ள மலாயையும் பெட்டியில் உள்ள ஆங்கிலத்தையும் படித்து, தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் சொல்ல முடியும். கற்ற கல்வி வீட்டில் ஓர் உயிருக்குக் காவலாக நிற்பதைவிட அப்பிள்ளைக்குப் பெரிய பரிசு வேறென்ன இருக்க முடியும்?

ஆகவே நேயர்களே, இன்று இரவு உணவு முடிந்ததும் அலமாரியில் இருக்கும் அந்த மருந்துப் பையை எடுத்து மேசையில் கொட்டுங்கள். ஒவ்வோர் உறையாகப் படியுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.